சோப்பு அதேதான், தண்ணிதான் மாறிப்போச்சு

மளிகைக் கடையில நாலு டீ குடிக்கற காசுக்கு ஒரு ஷேவிங் சோப்பு கிடைக்கும். வட்டமா, வெள்ளையா, லேசா எலுமிச்சை வாசத்தோட இருக்கும். முப்பது வருசமா நான் அதைத்தான் வாங்கறேன். ஒண்ணு வாங்கினா எனக்கு அஞ்சாறு மாசம் ஓடும். கோயமுத்தூர், சென்னையில இருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரப் பசங்க அதைப் பார்த்துட்டு, "இன்னுமா மாமா இதைப் போடறீங்க? இது நுரையே வராதே" ம்பாங்க.

அவங்க சொல்றதுல பாதி நிசம். எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியில அந்த சோப்பு இப்ப நுரைக்கறதில்லை. ஆனா 1985 வாக்குல இதே மாதிரி வட்ட சோப்பு எங்க ஊர் சலூன்ல, எருமைத் தயிர் ஏடு மாதிரி கெட்டியா நுரைச்சு நின்னதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அன்னைக்கும் அது மலிவு சோப்புதான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு பார்த்தா அது எங்க ஊர்க் கதையாவும் இருக்குது, கொஞ்சம் உலகக் கதையாவும் இருக்குது.

முதல்ல சோப்பே இல்லாத காலம். எங்க அய்யன் சொல்லுவாரு, அவரு சின்ன வயசுல நாவிதர் வெறும் தண்ணியைத்தான் தாடையில தடவித் தடவித் தேய்ப்பாராம். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் விரலாலயே ஊற வெச்சு, அப்பறம்தான் கத்தியை வைப்பாராம். கேக்கறதுக்கு முரட்டு வைத்தியம் மாதிரித் தெரியும். ஆனா அதுதான் சரியான வழி. முடியை மெதுவாக்கறது சோப்பு இல்லீங்க, தண்ணி. தண்ணி குடிச்ச முடி உப்பி மெதுவாயிரும், கத்திக்குச் சுலபமா வழிவிடும். முடி மேல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துத் தண்ணியை உள்ள விடறதும், அந்தத் தண்ணி காயாம முகத்துலயே நிறுத்தி வெக்கறதும், கத்தி வழுக்கிப் போக உதவறதும்தான் சோப்போட வேலை. நுரைங்கறது தண்ணியைப் பிடிச்சு வெக்கற ஒரு போர்வை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து நாவிதர் கையில அடைப்பம்னு ஒரு தோல்பை இருக்கும். உள்ள மடக்குக் கத்தி ரெண்டு, தீட்டறதுக்குக் கல்லு, தோல் வாரு, முள்வாங்கி, ஒரு சின்னக் கண்ணாடி, தண்ணிக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். வேப்ப மரத்தடியிலயோ மாட்டுக் கொட்டாய் ஓரத்துலயோ உக்கார வெச்சு வேலை நடக்கும். கூலி காசா கிடையாது. அறுப்பு முடிஞ்சு களத்துல கம்பும் சோளமும் அளக்கறப்ப அவருக்குன்னு ஒரு பங்கு. அதை வாங்கறதுக்கு அவரு வெய்யில்ல நிக்கோணும். அவரு வீட்டம்மாதான் ஊருக்கு மருத்துவச்சி. எங்க அய்யனே அந்தக் குடும்பத்துக் கையில பொறந்தவருதான். அப்படியிருந்தும் மீசை முளைக்காத பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். "செரைக்கப் போடா"ன்னு இன்னைக்கும் திட்டறோமே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. ஒருத்தன் தொண்டைக்குழி மேல தீட்டின கத்தியை ஓட்டி, ஒரு சொட்டு ரத்தம் வராம எடுக்கறது எத்தனை பெரிய தொழில்! நம்ம ஆளுங்க அதை வசவுச் சொல்லாக்கிட்டோம்.

இன்னொண்ணையும் சொல்லாம விட்டா இது பாதிக் கதையாயிரும். அந்தக் கிண்ணம் எல்லாத்து வீட்டு முன்னாடியும் போகலை. ஊருக்குக் கிழக்க இருக்கற தெருவுல போய் நாவிதர் கத்தியைத் தொட்டா, ஊருக்குள்ள அவருக்கு வேலை கிடையாது. எங்க ஊர்லயும் அப்படித்தான். 1955-ல தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, சலூன்ல யாரையும் வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு ஆச்சு. சட்டம் வந்து முப்பது வருசம் கழிச்சும் அந்தத் தெரு ஆளுங்க முடி வெட்ட ஒன்பது கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குத்தான் போயிட்டு இருந்தாங்க. அவங்க வீடுகள்லதான் எங்க ஊர்லயே முதல்ல சொந்தமா ஒரு ரேசர், ஒரு பிரஷ், ஒரு மலிவு சோப்பு வந்துச்சு. டவுனுக்குப் பஸ் ஏறாம, யாரு தயவும் கேக்காம, அவனவன் வாசல்ல கண்ணாடியை மாட்டி அவனவன் தாடியை எடுக்கற சுகம் இருக்குதே, அதோட விலை அந்த சோப்புல அச்சடிச்சிருக்காது. எங்க வீடுகளுக்கு அது அப்பறமாத்தான் வந்துச்சு. எங்களுக்குத்தான் வாசலுக்கே ஆள் வந்துட்டு இருந்தாரே.

சரி, சோப்புக்கு வர்றேன்.

குளிக்கற சோப்பும் ஷேவிங் சோப்பும் ஒண்ணு இல்லை. தேங்காயெண்ணெய் அதிகமா இருக்கற சோப்பு மளமளன்னு நுரைக்கும், அதே வேகத்துல அடங்கிரும். கன்னத்துல அது ஒரு நிமிசம் நிக்காது. ஷேவிங் சோப்புல ஸ்டீரிக் அமிலம் தூக்கலா இருக்கும். முன்னாடி மாட்டுக் கொழுப்புல இருந்து எடுத்தாங்க, இப்ப பெரும்பாலும் பாமாயில்ல இருந்து. அதுதான் சின்னச் சின்னக் குமிழா, கெட்டியா, நின்னு நிதானமா இருக்கற நுரையைக் குடுக்குது. சோடா காரம் மட்டும் போட்டுக் காய்ச்சினா சோப்பு கல்லு மாதிரி ஆயிரும்னு பொட்டாஷ் காரத்தையும் கலப்பாங்க. அதனால தண்ணியில சுலபமாக் கரையும்.

இதைக் கிண்ணத்துல போடற அளவுக்கு வட்டமாச் செஞ்சு விக்கற யாவாரம் அமெரிக்காவுல 1840-கள்லயே சூடு பிடிச்சிருச்சு. கனெக்டிகட் மாநிலத்துல ஜேம்ஸ் வில்லியம்ஸ்ங்கறவர் ஆரம்பிச்ச கம்பெனி அதுல பேர் போனது. அங்க சலூன்கள்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. வாடிக்கையா வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கோப்பை, அதுல அவரு பேரு எழுதி அலமாரியில வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒருத்தர் முகத்துப் படை இன்னொருத்தருக்கு ஒட்டிரக் கூடாதுன்னு பயம். நம்ம ஊர்ல ஊருக்கே ஒரே கிண்ணம்தான்.

இந்தியாவுல சோப்புத் தொழில் 1897-ல மீரட்டுல ஆரம்பிச்சதாச் சொல்லுவாங்க. நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்துல, அப்ப அதுக்குள்ள இருந்த கோழிக்கோட்டுல, 1914-ல அரசாங்கமே ஒரு சோப்பு நிலையம் வெச்சு நடத்துச்சு. 1918 வாக்குல கோத்ரேஜ்காரங்க கொழுப்பே சேர்க்காம தாவர எண்ணெய்ல சோப்பு போட்டாங்க. மாட்டுக் கொழுப்பும் பன்னிக் கொழுப்பும் இருக்குதுன்னு சோப்பையே தொடாத நாட்டுல இது சின்ன விஷயம் இல்லை. தினமும் வாயோரத்துல தடவற பொருளாச்சே.

பிரஷ்ஷைப் பத்தி ஒரு சேதி இருக்குது. ஆடு மாடு வளர்க்கறவனா எனக்கு ரொம்ப நெருக்கமான சேதி. முதல் உலகப் போர்ல முகத்துல தாடி இருந்தா விஷவாயு முகமூடி சரியாப் படியாதுன்னு சிப்பாய்ங்க எல்லாரும் சவரம் செய்ய வேண்டியதாப் போச்சு. அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும் ஜில்லட் கம்பெனி 35 லட்சம் ரேசர் செஞ்சு குடுத்துச்சு. உலகத்துல ஆம்பளைங்க தனக்குத் தானே சவரம் செய்யப் பழகினதுக்கு அந்தப் போர் ஒரு பெரிய காரணம். ரேசரோட பிரஷ்ஷும் வேணுமே. வழக்கமா வர்ற வளைக்கரடி முடி போரால நின்னு போக, குதிரை முடியில பிரஷ் செஞ்சாங்க. சரியாச் சுத்தம் செய்யாத முடி. அதுல இருந்து ஆந்த்ராக்ஸ் பரவுச்சு. ஆமாங்க, நம்ம அடைப்பான் நோயேதான். தொண்டை அடைப்பான் வேற, அது வேற நோய். இது அந்தக் கொடும் அடைப்பான், செத்த மாட்டைத் தோலுரிக்கக் கூடாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கோணும்பாங்களே, அது. சிப்பாய்ங்களும் பொதுமக்களுமா அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் 200 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. வெட்டுக்காயம் பட்ட கன்னத்துல பிரஷ் வழியா நோய் ஏறியிருக்குது. இந்தக் கிருமி மண்ணுல பல வருசம் சாகாமக் கிடக்கும்னு மாட்டு டாக்டரு சொன்னப்ப எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பிரஷ்தான். நான் இப்ப வெச்சிருக்கறது நைலான் பிரஷ். முடி பிரஷ் மாதிரித் தண்ணி பிடிக்காது, ஆனா சீக்கிரம் காயும்.

எங்க ஊர் சலூன் கதைக்கு வர்றேன். 1980 வாக்குல பெரிய நாவிதரோட மகன் அடைப்பத்தை வீட்டுல வெச்சுட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டாய் போட்டு ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டாரு. களத்துக் கூலி முடிஞ்சுது. இனிமே தேடி வர்றவங்களுக்குக் காசுக்கு வேலை. ஊர்ல சில பெருசுங்களுக்கு அது பொறுக்கலை. எங்க வயசுப் பசங்க அவரை "அண்ணா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சோம். அவரு எங்களை "வா கண்ணு"ம்பாரு. சினிமா நடிகர் படம், மர்பி ரேடியோ, எதிரும் புதிருமாக் கண்ணாடி, மூலையில தினத்தந்தி. அலுமினியக் கிண்ணத்துக்குள்ள ஒரு வட்ட சோப்பை அமுக்கி வெச்சிருப்பாரு. பிரஷ்ஷை நனைச்சு, ஒரு உதறு உதறி, சோப்பு மேல அரை நிமிசம் சுத்துவாரு. அப்பறம் முகத்துல. பத்தாததுக்கு ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு மறுபடியும் சுத்துவாரு. அவ்வளவு நுரை வரும்.

அவரு தண்ணி எடுத்தது எங்க தோட்டத்துக் கிணத்துல. அறுபது அடிக் கிணறு. எங்க அப்பிச்சி காலத்துல கவலை ஓட்டி இறைச்ச கிணறு. எங்க அய்யன் காலத்துல மோட்டார் வந்துச்சு. ஊர்ல அஞ்சாறு கிணறு இருந்தும் இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் தினமும் ரெண்டு குடம் கொண்டுபோவாரு. நான் காரணம் கேட்டப்ப, "இதுலதான் பருப்பு வேகும் கண்ணு"ன்னாரு. சலூன்காரருக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வந்துச்சு.

சம்பந்தம் இருக்குது. தண்ணியில சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமா இருந்தா பருப்பு வேகாது, துணி வெளுக்காது, சோப்பு நுரைக்காது. மூணுக்கும் ஒரே காரணம்தான். சோப்புல இருக்கற கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்பு பிடிச்சு இழுத்துத் திரிதிரியா ஆக்கிரும். வாளி ஓரத்துல வெள்ளையாப் படியுதே, அது நுரையாக வேண்டிய சோப்பு. தண்ணியில இருக்கற சுண்ணாம்பு முழுசும் வயிறு நிறையத் தின்ன அப்பறம்தான் மிச்ச சோப்பு நுரைக்கும். ஷேவிங் சோப்புல ஸ்டீரிக் அதிகம்ங்கறதால அடி இன்னும் பலமா விழுகும். எதனால கெட்டியா நுரைக்குதோ அதனாலயே உப்புத் தண்ணியில தோத்துப் போகுது. வண்ணார் அந்தக் காலத்துல உவர்மண் போட்டுத் துணி வெளுத்தாரே, அந்த மண்ணுல இருக்கற சோடா சுண்ணாம்பைத் தனியாப் பிரிச்சுக் கீழ உக்கார வெச்சிரும். வண்ணார், நாவிதர், சமைக்கற பொம்பளைங்க, மூணு பேரும் கிணத்துத் தண்ணியை நாக்குல வெச்சே தரம் பிரிச்சாங்க. எங்களை மாதிரி நிலத்துக்காரங்களுக்கு ஆழம் மட்டும்தான் தெரிஞ்சுது.

1984-ல சின்ன விவசாயிகளுக்கு இலவசக் கரண்ட் வந்துச்சு, 1990-ல எல்லா விவசாயிக்கும். அது இல்லீன்னா நாங்க எப்பவோ நிலத்தை வித்துட்டுத் திருப்பூர் போயிருப்போம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கூடவே திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஊர் ஊரா வந்துச்சு. கிணத்துல தண்ணி இறங்க இறங்கப் போர் போட்டோம். எங்க கிணறு 1999-க்கு அப்பறம் சித்திரை வைகாசியில வத்த ஆரம்பிச்சுது. 2003-ல 650 அடி போர். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, தமிழ்நாடே வறட்சின்னு அறிவிச்ச சமயத்துல, அடுத்த போர் 940 அடி. தண்ணி வந்துச்சு. நானூறு தென்னையில பாதியைக் காப்பாத்தினேன். ஆனா அது பாறைக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து, கல்லைக் கரைச்சுக் குடிச்ச தண்ணி. பரிசோதனைக்குக் குடுத்தப்பக் கடினத்தன்மை லிட்டருக்கு 740 மில்லிகிராம்னு வந்துச்சு. குடிநீருக்கு 200 இருக்கோணும், வேற வழியே இல்லீன்னா 600 வரைக்கும் போகலாம்ங்கறது இந்தியத் தர அளவு. மாடு குடிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்க்குது. சோப்பு மட்டும் என்ன செய்யும்?

சலூன் மாறினதுக்கு வேற ஒரு காரணமும் உண்டு. 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் நம்ம நாட்டுல எச்.ஐ.வி. இருக்கறதை முதல்ல கண்டுபிடிச்சாங்க. அந்தப் பயம் எங்க ஊர் வரைக்கும் வர்றதுக்குப் பத்து வருசம் ஆச்சு. தீட்டற கத்தி போயி, பிளேடைப் பாதியா ஒடிச்சுச் சொருகற கத்தி வந்துச்சு. ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு. நல்ல மாத்தம். ஊருக்கே ஒரே கிண்ணம்ங்கறதும் அதோட கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. டியூப் கிரீம் வந்து, இப்ப அமுக்கினா நுரையாவே வர்ற டப்பா. அந்த டப்பாவைப் பார்த்துட்டுத்தான் வட்ட சோப்பு மட்டம்னு முடிவு கட்டறாங்க. டப்பாவுக்குள்ள இருக்கறதும் பெரும்பாலும் அதே ஸ்டீரிக் சோப்புதான். ஒரே வித்தியாசம், அது தனக்கு வேண்டிய நல்ல தண்ணியை ஃபேக்டரியிலயே குடிச்சுட்டு வருது. உள்ள இருக்கறதுல பெரும்பங்கு தண்ணி. நாம அந்தத் தண்ணிக்குத்தான் காசு குடுக்கறோம்.

அப்ப வட்ட சோப்பை எப்படி நல்லாக்கறதுன்னு கேட்டா, நான் செய்யறதைச் சொல்றேன். குழாய்த் தண்ணியை விட்டுட்டு ஒரு டம்ளர் நல்ல தண்ணி எடுத்துக்குங்க. ஒரு சவரத்துக்கு அரை டம்ளரே அதிகம். சென்னையில இருக்கறவங்க குடிக்க வாங்கற கேன் தண்ணி போதும். எங்களுக்கு வாரம் ஒருக்கா வர்ற ஆத்துத் தண்ணி இருக்குது, அதை விட மழைத்தண்ணி உத்தமம். எதுவும் இல்லீன்னா போர்த் தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு ஆற விட்டு, அடியில வெள்ளையாப் படிஞ்சதை அசைக்காம மேல இருக்கறதை மட்டும் எடுங்க. முழுசாச் சரியாகாது, பாதி சரியாகும். குளிக்கப் போறதுக்கு முன்னாடியே சோப்பு மேல ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணியை ஊத்தி வெச்சிருங்க. குளிச்சுட்டு வர்றப்ப மேல்பக்கம் இளகியிருக்கும், அந்த வழவழத் தண்ணியை வீணாக்காம தாடையில தடவிக்குங்க. பிரஷ்ஷை நனைச்சு உதறிட்டு அரை நிமிசத்துக்குக் குறையாமச் சுத்துங்க. முக்கால்வாசிப் பேரு அஞ்சு செகண்டுல நிறுத்திருவாங்க. அப்பறம் முகத்துல வெச்சுத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாச் சேர்க்கோணும். நுரை சீக்கிரம் காஞ்சு போகுதுன்னா மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி ரெண்டே சொட்டு பிரஷ்ல விடுங்க. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எதையும் நுரையோட கலக்காதீங்க, நுரை படுத்துரும். எண்ணெய் வேணும்னா எல்லாம் முடிஞ்ச அப்பறம். கடைசியாப் படிகாரக் கல்லை நனைச்சு ஒரு இழுப்பு. வேலை முடிஞ்சதும் சோப்பைக் கிண்ணத்துல தண்ணியோட ஊற விடாம வடிச்சு வெச்சீங்கன்னா ஒரு மாசம் கூடுதலா வரும்.

2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னப்ப நானும் ஓட்டு வீட்டுக் கூரைக்குத் தகரக் கால்வாய் வெச்சேன். முதல் மழையை விட்டுட்டு ரெண்டாவது மழையில இருந்து பிடிப்பேன். ஐப்பசியில நிரப்பின ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி, சமையலுக்கும் எடுத்துக்கிட்டே மாசி வரைக்கும் வந்துரும். சலூன் அண்ணன் இப்ப இல்லை. அவரு பையன்தான் கடையைப் பார்க்கறான். அவனும் டப்பா நுரைதான் வெச்சிருக்கான், ஆனா கட்டைத் தாடிக்காரங்க வந்தா உள்ள இருந்து அந்த அலுமினியக் கிண்ணத்தை எடுக்கறான். பிரஷ்ஷை ஆளுக்கு ஆள் வெந்நீர்ல அலசி டெட்டால்ல போட்டு வெக்கறான். மானம் இருட்டுச்சுன்னா ராத்திரி எத்தனை மணியானாலும் போன் வந்துரும்: "மாமா, எனக்கு ரெண்டு கேன் பிடிச்சு வைங்க."